மெய்ம்மைக்குச் சான்றளிப்போர் யார்? அறிவியல் புனைகதையில் உளநோய்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அறிவியல் புனைகதை என்றவுடன் விண்கலமும் எந்திர மனிதனும் வேற்றுக்கோள் உயிரினங்களுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இவ்விலக்கிய வகை இடைவிடாது எழுப்பிவந்த வினா ஒன்று உண்டு. 'நான் காண்பது மெய்தானா?' என்பதே அவ்வினா. திறனாய்வாளர் பலர் இதனை மெய்யியலோடு இணைத்து விளக்குவர். பிளேட்டோவின் குகை, டெக்கார்ட்டின் ஐயம், மாயாவாதம் ஆகியவை அவ்விளக்கங்களில் தவறாது இடம்பெறும். அவை பொருந்தாதவை அல்ல. எனினும், புனைகதைகளில் இவ்வினாவை எழுப்பும் மாந்தர் எங்கே இருக்கின்றனர் என்று நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். அவர்களுள் பலர் மெய்யியல் வகுப்பறையில் இல்லை. உளநோய் மருத்துவமனையிலோ, மருத்துவரின் மேசைக்கு எதிரிலோ, அங்கே அனுப்பப்படுவோமோ என்னும் அச்சத்திலோ அவர்கள் இருக்கின்றனர்.

ஆகவே, அறிவியல் புனைகதையில் மெய்ம்மை பற்றிய வினா, 'எது மெய்?' என்பதைக் காட்டிலும், 'எது மெய் எனச் சான்றளிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது?' என்பதாகவே உருப்பெற்றது எனலாம். அவ்வாறு உருப்பெற்றமைக்கு உளநல மருத்துவத்தின் வரலாறு முதன்மையான காரணமாகும். இக்கருத்தை, 1810ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த மருத்துவ நூல் ஒன்றில் தொடங்கி, 1981 வரையில் போலந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட சில நாவல்களின் வழி நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

1. காற்றுத்தறி

ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் இலண்டனில் வாழ்ந்த தேயிலை வணிகர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே அமைதி ஏற்படுத்தும் முயற்சியில் ஈடுபட்டுப் பாரிசில் சிறைப்பட்டார். சுமார் மூன்றாண்டுகளுக்குப் பின்னர் நாடு திரும்பிய அவர், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து அமைச்சர் ஒருவரைத் துரோகி எனக் கூவினார். 1797இல் பெத்லம் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1809இல் அவருடைய குடும்பத்தினர் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தனர். வெளி மருத்துவர் இருவர் அவரை ஆராய்ந்து, அவர் தெளிந்த மனத்தினர் என்றனர். பெத்லம் மருத்துவமனையின் மருந்தாளரான ஜான் ஹாஸ்லம் அதனை ஏற்கவில்லை. மேத்யூஸ் நோயாளரே என நிறுவும் பொருட்டு 1810இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். தனியொரு நோயாளரைப் பற்றி எழுதப்பட்ட முதல் முழுநூல் அதுவே என மருத்துவ வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

அந்நூலில் விரிவாக விளக்கப்படும் 'காற்றுத்தறி' ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இலண்டன் நகர மதிலருகே நிலவறையில் ஒரு கும்பல் மறைந்திருக்கிறது. அக்கும்பல் காற்றுத்தறி என்னும் எந்திரத்தின் மூலம் வளிகளையும் காந்த ஆற்றலையும் செலுத்தித் தம் மனத்தையும் அமைச்சர்களின் மனத்தையும் ஆட்டிப்படைக்கிறது என மேத்யூஸ் நம்பினார். சிறுவர் பட்டத்தை மேலேற்றுவதுபோல ஓர் எண்ணத்தை மூளைக்குள் ஏற்றி மணிக்கணக்கில் மிதக்கவிடுவது அவ்வெந்திரத்தின் செயல்களுள் ஒன்று. மேத்யூஸ் தம் கையாலேயே அதன் வரைபடத்தை வரைந்தார். அவ்வரைபடமும் நூலில் இடம்பெற்றது. விசைத்தறி, வளிகளைப் பற்றிய வேதியியல், காந்த மருத்துவம் ஆகிய மூன்றும் அக்காலத்தின் புதுமைகள். அவற்றை இணைத்து, மனத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கருவியை அவர் கற்பித்தார். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தது 1818இல். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே அறிவியல் புனைகதையின் இலக்கணங்கள் பல ஒரு நோயாளரின் கூற்றில் அமைந்துவிட்டன.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, மேத்யூசின் கூற்றுகள் அனைத்தும் பொய்யல்ல. எந்திரம் இல்லை; ஆனால் அவர் மேற்கொண்ட தூதுப்பணியும் பாரிஸ் சிறையும் உண்மை. இரண்டாவது, அவருடைய உலகம் பரவலாக அறியப்பட்டது அவரை மறுத்து எழுதிய அலுவலரின் நூல் வழியாகவே. பெத்லம் மருத்துவமனைக்குப் புதிய கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது, உள்ளே அடைக்கப்பட்டிருந்த மேத்யூஸ் கட்டட வரைபடங்களைத் தயாரித்து அளித்தார். ஆளுநர் குழு அவருக்கு 30 பவுண்டு வழங்கியது. கட்டடம் பற்றிய அவருடைய அறிவு மதிக்கப்பட்டது. தம்மைப் பற்றிய அவருடைய சொல் மதிக்கப்படவில்லை. மேத்யூஸ் 1815இல் இறந்தார். அவ்வாண்டு நடைபெற்ற நாடாளுமன்ற விசாரணையைத் தொடர்ந்து 1816இல் ஹாஸ்லம் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

2. எந்திரம் என்னும் விளக்கம்

நூறாண்டுகளுக்குப் பின்னர், 1919இல், வியன்னாவின் உளப்பகுப்பாய்வாளர் விக்டர் டவுஸ்க், மனச்சிதைவு நோயாளர் பலர் தங்களை ஓர் எந்திரம் ஆட்டுவிப்பதாகக் கூறுவதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நோயாளர் தம் காலத்துத் தொழில்நுட்பத்தைக் கொண்டே அவ்வெந்திரத்தை விளக்க முயல்கின்றனர் என்பதும், அவ்விளக்கம் ஒருபோதும் நிறைவடைவதில்லை என்பதும் அவர் கண்டவை. தறி, மின்கலம், வானொலி, செயற்கைக்கோள், கணினி எனக் கருவிகள் மாறிவந்தபோதிலும் நோயாளரின் தேவை மாறவில்லை. தம்முள் எழும் அயலான எண்ணத்திற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதே அத்தேவை. அறிவியல் புனைகதையும், இன்னும் விளங்காத ஒன்றிற்குத் தொழில்நுட்ப வடிவில் காரணம் கற்பிப்பதேயாகும். இவ்விரண்டும் ஒரே சொற்களஞ்சியத்தைப் பகிர்ந்துகொள்வதில் வியப்பில்லை. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. எழுத்தாளர் தம் எந்திரத்தை விட்டு எழுந்து செல்ல இயலும். நோயாளரால் அது எளிதில் இயலாது.

அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ராபர்ட் லிண்ட்னர் 1955இல் வெளியிட்ட நூலில் இவ்வெல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்குச் சான்றாக ஒரு வரலாறு உள்ளது. அரசாங்க ஆய்வுப் பணியிலிருந்த இயற்பியலாளர் ஒருவர் தாம் வேறொரு விண்மீன் மண்டலத்திலும் வாழ்வதாக நம்பினார். இளமையில் படித்த புனைகதைகளின் தலைவன் தம் பெயரையே கொண்டிருந்தமை அந்நம்பிக்கையின் தொடக்கம். அவ்வுலகின் நிலப்படங்கள், வரலாறுகள், அட்டவணைகள் என ஆயிரக்கணக்கான பக்கங்களை அவர் எழுதிவைத்திருந்தார். அவரை மீட்க எண்ணிய லிண்ட்னர் அவ்வுலகிற்குள் தாமும் நுழைந்து அதன் பிழைகளைத் திருத்தத் தொடங்கினார். நாளடைவில் அதில் அவரே ஈர்க்கப்பட்டார். இறுதியில், தமக்கு அந்நம்பிக்கை எப்பொழுதோ நீங்கிவிட்டது என்றும், மருத்துவருக்காகவே அதைத் தொடர்ந்ததாகவும் நோயாளர் தெரிவித்தார். மெய்ம்மைக்குச் சான்றளிக்க அமர்ந்தவருக்கே சான்று தேவைப்பட்டது.

3. படுகொலையின் நிழலில் ஸ்தனிஸ்லாவ் லெம்

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் மருத்துவம் பயின்றவர். யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பொய்யான அடையாளத் தாள்களுடன் உயிர்தப்பியவர். அவர் 1948இல் எழுதி 1955இல் வெளியான முதல் நாவலின் களம், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் உள்ள ஓர் உளநோய் மருத்துவமனை. ஜெர்மானியப் படையினர் வந்து நோயாளரைக் கொன்றொழிப்பதில் அந்நாவல் உச்சம் பெறுகிறது. இது கற்பனை மட்டுமன்று. போலந்தில் 1939 செப்டம்பர் முதலே நோயாளர் கொல்லப்பட்டனர். ஜெர்மனியில் 'டி4' எனப்பட்ட திட்டத்தின்கீழ் 1940க்கும் 1941 ஆகஸ்டுக்கும் இடையில் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவளியால் கொல்லப்பட்டனர். அவர்களுடைய படிவங்களில் குறியிட்டு முடிவு செய்தவர்கள் மருத்துவர்கள். பெரும்பாலோரை அவர்கள் நேரில் பார்க்கவும் இல்லை.

இப்பின்னணியை மனத்திற்கொண்டு அவருடைய 'சோலாரிஸ்' (1961) நாவலை அணுகுதல் பயனுடையது. தொலைவிலுள்ள ஒரு கோளின் ஆய்வுநிலையத்திற்கு வரும் உளவியலாளர் கெல்வின், அங்கு இருக்கவே இயலாத ஒருவரைக் காண்கிறார். தமக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்பதே அவருடைய முதல் முடிவு. அதைச் சோதிக்க அவர் மேற்கொள்ளும் வழி அறிவியல் புனைகதையின் மிக நேர்த்தியான பகுதிகளுள் ஒன்று. கோளைச் சுற்றிவரும் செயற்கைக்கோளிடமிருந்து சில அளவைகளைப் பெற்று, அவற்றைப் பார்க்காமலேயே எடுத்து வைக்கிறார். பின்னர் அதே அளவைகளைத் தனியே கணக்கிடுகிறார். நோயுற்ற மூளை எதையும் கற்பிக்கலாம். ஆனால் நீண்ட கணக்கீட்டால் மட்டுமே கிட்டும் எண்களை முன்கூட்டியே கற்பிக்க இயலாது. மிக நுண்ணிய வேறுபாடு நீங்கலாக இரண்டும் ஒத்திருந்தன.

கெல்வின் பித்தர் அல்லர். ஆனால் அச்செய்தி அவருக்கு ஆறுதல் தரவில்லை. பித்தாக இருந்திருந்தால் நலமாக இருந்திருக்கும் என்னும் நிலைக்கே அவர் வருகிறார். லெம் இங்கு நிறுவுவது இதுவே: ஒரு மனம் தன்னைத் தானே சான்றாகக் கொள்ள இயலாது, தனக்குப் புறத்தே உள்ள ஒன்றோடு ஒப்பிட்டே அது தெளிவடைய முடியும். ஆயின் அவ்வொப்பீட்டை நோயாளரே செய்யும் உரிமை 'சோலாரிஸ்' நாவலில் மட்டுமே கிட்டுகிறது. முதல் நாவலின் நோயாளருக்கு அவ்வுரிமை இருக்கவில்லை.

4. பிலிப் கே. டிக்கும் செவ்வாயின் பள்ளியும்

அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டளவில் அரசு உளநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 559,000 பேர் இருந்தனர். முன்மூளையைத் துண்டிக்கும் அறுவை 1936 முதல் அந்நாட்டில் செய்யப்பட்டு வந்தது. அம்முறையை 1935இல் தொடங்கிய போர்த்துகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டது. 1954இல் குளோர்புரோமசின் மருந்து அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. 1963இல் அதிபர் கென்னடி சமூக உளநல மையச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இத்தகைய மாற்றங்களின் நடுவே எழுதியவர் பிலிப் கே. டிக் (1928–1982).

அவருடைய 'மார்ஷியன் டைம்-ஸ்லிப்' (1964) செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றியது. கதைமாந்தர் ஜாக் போலன் பழுதுபார்ப்பவர். முன்னர் மனச்சிதைவுக்கு ஆளானவர். தம் எதிரே அமர்ந்திருந்த மேலாளரின் தோலுக்கடியில் கம்பிகளையும் பொறிகளையும் கண்டவர். இப்பொழுது அவர் பழுதுபார்ப்பவற்றுள் பள்ளியின் கற்பிக்கும் எந்திரங்களும் அடங்கும். ஆபிரகாம் லிங்கன், எடிசன் போன்ற உருவங்களில் அமைந்த அவ்வெந்திரங்கள் பிள்ளைகளுக்கு ஒரே உலகத்தைக் கற்பிக்கின்றன. அவற்றுக்கு மறுமொழி தராத பிள்ளை ஆட்டிசம் உடையது எனப் பிரிக்கப்பட்டுத் தனி முகாமுக்கு அனுப்பப்படுகிறது. அம்முகாமை மூடி அப்பிள்ளைகளைக் கருணையின் பெயரால் கொன்றுவிடலாமா என்னும் பேச்சு பூமியில் எழுகிறது. டி4 திட்டத்தின் எதிரொலியை இங்குக் கேட்கலாம். ஆசிரியராகிய நமக்கு இப்பகுதி வாளாவிருக்க இடந்தராது. மெய்ம்மைக்கு முதற்சான்று வழங்கும் நிறுவனம் மருத்துவமனையன்று, பள்ளியே.

அம்முகாமில் உள்ள சிறுவன் மன்ஃபிரெட் பேசுவதில்லை. அவனுக்குக் காலம் வேறு வேகத்தில் ஓடுகிறது. எதிர்காலத்தைக் காணும் அவனது ஆற்றலை நிலவணிகத்திற்குப் பயன்படுத்த ஒரு தொழிற்சங்கத் தலைவர் முயல்கிறார். ஆனால் மன்ஃபிரெட் காண்பது வேறு. இனிமேல் எழவிருக்கும் ஒரு மாபெரும் கட்டடத்தில், முதுமையில், உறுப்புகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுக் கருவிகளால் உயிர்காக்கப்படும் நிலையில் தாம் கிடப்பதையே அவன் காண்கிறான். பிறர் நோய் எனக் கருதும் அவனது அச்சம், நிறுவனம் ஒன்று அவனுக்குச் செய்யவிருப்பதைப் பற்றிய துல்லியமான அறிவாகும்.

இந்நாவலின் மருத்துவக் கருத்தை இன்று அப்படியே ஏற்க இயலாது. ஆட்டிசத்தைச் சிறார் மனச்சிதைவாகவும், காலவுணர்வின் கோளாறாகவும், பெற்றோரின் அன்புக்குறைவின் விளைவாகவும் கருதிய ஐம்பதுகளின் நோக்கு அதில் படிந்துள்ளது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரித்தது. பெற்றோர் மீதான பழியும் பின்னர் கைவிடப்பட்டது. அறிவியல் பழையதாகிவிட்டது, ஆனால் அச்சிறுவனுக்கு இழைக்கப்படுவதைப் பற்றிய நாவலின் அறிவு பழையதாகவில்லை.

5. எழுபதுகள்: மருத்துவரும் பதிவேடும்

1960, 1961 ஆகிய ஈராண்டுகளில் லெய்ங், சாஸ், கோஃப்மன், ஃபூக்கோ ஆகியோரின் நூல்கள் உளநல மருத்துவத்தின் அதிகாரத்தை வினாவுக்குட்படுத்தின. 1973இல் டேவிட் ரோசன்ஹான், நோயற்றோர் சிலர் பொய்க்குரல் கேட்பதாகக் கூறி மருத்துவமனைகளில் சேர்ந்ததாகவும், அவர்களை மருத்துவர் எவரும் இனங்காணவில்லை என்றும் எழுதினார். அக்கட்டுரை பெரும் தாக்கம் விளைவித்தது. எனினும் 2019இல் சுசானா கஹாலன் வெளியிட்ட நூல் அவ்வாய்வின் நம்பகத்தன்மையைப் பற்றிக் கடுமையான ஐயங்களை எழுப்பியுள்ளது. மெய்ம்மையைச் சோதித்த ஆய்வே சோதனைக்குள்ளாகியுள்ள நிலையில் அதனை இன்று முன்னெச்சரிக்கையுடனேயே மேற்கோள் காட்டவேண்டும்.

இக்காலத்தின் இரு நாவல்கள் கருதத்தக்கவை. அர்சுலா லெ குவினின் 'தி லேத் ஆஃப் ஹெவன்' (1971) நாவலில் ஜார்ஜ் ஓர் என்பவரின் கனவுகள் உலகையே மாற்றுகின்றன. மாறியபின் பழைய உலகம் பிறருக்கு நினைவில் இருப்பதில்லை. அவரைக் குணப்படுத்த அமர்த்தப்பட்ட மருத்துவர் ஹேபர், நோயாளர் கூறுவது உண்மை என அறிந்தும் அதனை ஒப்புக்கொள்ளாமல், அக்கனவுகளைத் தம் விருப்பத்திற்கேற்ப இயக்குகிறார். அவர் தீயவர் அல்லர். உலகைத் திருத்தவே விரும்புகிறார். நோயாளரின் சொல்லை மறுத்துக்கொண்டே அதனைப் பயன்படுத்துவதுதான் அவர் செய்யும் குற்றம்.

மார்ஜ் பியர்சியின் 'வுமன் ஆன் தி எட்ஜ் ஆஃப் டைம்' (1976) நாவலின் கானி ராமோஸ், நியூயார்க்கில் வாழும் ஏழை மெக்சிக்க-அமெரிக்கப் பெண். தம் உறவுப்பெண்ணை அடித்தவனைத் தாக்கியதற்காக அவர் மருத்துவமனையில் அடைக்கப்படுகிறார். அங்கிருந்தபடியே 2137ஆம் ஆண்டின் சமுதாயம் ஒன்றோடு தொடர்பு கொள்கிறார். அது மெய்யா மாயத்தோற்றமா என்பதை நாவல் தீர்த்துரைப்பதில்லை. மூளையில் மின்முனை பொருத்தும் ஆய்வுக்கு அவர் உட்படுத்தப்படுவது மட்டும் ஐயத்திற்கு இடமின்றிக் கூறப்படுகிறது. 1963இல் ஹோசே டெல்காடோ காளையொன்றின் மூளையில் மின்முனை பொருத்தி அதன் பாய்ச்சலை நிறுத்திக் காட்டியதும், வன்முறையை மூளை அறுவையால் தீர்க்கலாம் என 1970இல் மார்க், எர்வின் ஆகியோர் நூல் எழுதியதும் இதன் வரலாற்றுப் பின்னணி.

நாவலின் இறுதி இயல் கானியின் குரலில் அமையவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டின் பகுதிகளே அவ்வியல். இருநூறு பக்கங்களுக்கு மேல் நாம் உடன்வாழ்ந்த ஒரு பெண் அங்குச் சில வரிகளாகச் சுருங்குகிறார். 1810இல் ஹாஸ்லம் எழுதிய நூலையும் இப்பதிவேட்டையும் அருகருகே வைத்தால் இவ்வரலாற்றின் தொடர்ச்சி விளங்கும். முன்னதில் நோயாளரின் உலகை அலுவலர் எழுதினார். பின்னதில், அலுவலரின் பதிவேட்டை நோயாளரின் பக்கம் நின்று ஒரு நாவலாசிரியர் நமக்குக் காட்டுகிறார்.

6. நோயைப் போற்றுதலும் நோயாளரை மறத்தலும்

மருத்துவரின் அதிகாரத்தை ஐயுறும் இலக்கியத்திற்கும் ஓர் இடர் உண்டு. பித்தரே உண்மையைக் காண்பவர் என்று கூறத் தொடங்கினால் நோயின் துன்பம் மறைந்துவிடும். நோயாளர் ஓர் உருவகமாகிவிடுவார். இவ்விடரை நன்கு உணர்ந்தவர் பிலிப் கே. டிக். 'எ ஸ்கேனர் டார்க்லி' (1977) நாவலில், போதைப்பொருளால் மூளை சிதைந்த காவல் உளவாளி தன்னையே வேவுபார்க்கிறான்; வேவுபார்க்கப்படுபவன் தானே என்பதை நாளடைவில் மறந்தும்விடுகிறான். அந்நாவலின் முடிவில் ஆசிரியர், போதைப்பழக்கத்தால் இறந்த, நிலையாக நலமிழந்த தம் நண்பர்களைப் பட்டியலிட்டுள்ளார். அதில் தம் பெயரையும் சேர்த்துள்ளார். மெய்ம்மை சிதைவது அங்கு ஓர் அறிவு விளையாட்டன்று, இரங்கற்பா.

1974 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டிக்கிற்கே வியத்தகு காட்சிகள் தோன்றின. அவற்றின் பொருளை ஆராய்ந்து தம் இறுதிக்காலம் வரை அவர் எழுதிய குறிப்புகள் ஏறத்தாழ 8,000 பக்கங்கள். அவற்றின் ஒரு பகுதி 2011இல் நூலாக வெளிவந்தது. 'வாலிஸ்' (1981) நாவலில் இவ்வனுபவத்தை அவர் இரு மாந்தராகப் பிரித்தார். ஹார்ஸ்லவர் ஃபேட் காட்சிகளை நம்புகிறார். பிலிப் என்னும் கதைசொல்லி அவற்றை ஐயுறுகிறார். இருவரும் ஒருவரே. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஃபேட்டிடம் ஒரு மருத்துவர், அவருடைய கருத்துகளை ஏளனம் செய்யாமல், அப்பொருளை அறிந்தவராக மதித்து உரையாடுகிறார். ஃபேட் சற்றே தேறுவது அதன்பின்னர்தான். அவருடைய கருத்து மெய் என்று மருத்துவர் சான்றளிக்கவில்லை. அவர் கேட்கத்தக்கவர் என்றே சான்றளித்தார். இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு மிக முதன்மையானது.

டிக்கிற்கு இருந்த நோய் யாது எனப் பின்னாளில் பலர் பல பெயர்களைச் சூட்டியுள்ளனர். நாவல்களைக் கொண்டு ஆசிரியருக்கு நோயறிதல் செய்வது, நேரில் பாராமல் படிவத்தில் குறியிடுவதற்கு நிகராகும். அதனை இலக்கிய ஆய்வு தவிர்த்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட நாவல்கள் அனைத்தையும் ஒருசேர நோக்கின் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, மெய்ம்மை ஒரு மனத்துக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. கெல்வினின் கணக்கைப்போல அது பிறிதொன்றோடு ஒப்பிட்டே உறுதிப்படும். ஆகவே, நோய் என்பதே இல்லை என்னும் வாதம் இந்நாவல்களுக்கு உடன்பாடன்று. மற்றொன்று, அவ்வொப்பீட்டைச் செய்யும் இடத்திலிருந்து நோயாளரை விலக்கிவிட்டால் எஞ்சுவது மெய்ம்மையன்று; அதிகாரம் மட்டுமே.

இது தமிழாசிரியரின் பணியையும் தொடுகிறது. ஸ்கிட்சோஃபிரினியா என்னும் சொல்லை 1908இல் அறிமுகப்படுத்திய சுவிஸ் மருத்துவர் பிளாய்லர் 'பிளவுற்ற மனம்' என்னும் பொருளுடைய கிரேக்க வேர்களிலிருந்து அதனை அமைத்தார். நம் 'மனச்சிதைவு' அதன் வழிவந்தது. அதே பொருளில் வழங்கிய ஜப்பானியச் சொல் நோயாளரையும் குடும்பத்தினரையும் புண்படுத்துவதாகக் கருதப்பட்டு, 2002இல் 'ஒருங்கிணைப்புக் குலைவு' எனப் பொருள்படும் சொல்லாக மாற்றப்பட்டது. சிதைந்த மனம் எனப் பெயரிடப்பட்டவரின் சொல்லை யார் நம்புவர்? பெயரிடுதலும் சான்றளித்தலே. கலைச்சொல் ஆக்குவோரும், அச்சொற்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோரும், பெயரைத் தாங்கவேண்டியவர் அதைப்பற்றி என்ன கூறுகின்றார் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.